தேநீர்க் கிண்ணமும் சோற்றுக் கிண்ணமும்



ஒரு நாட்டு மக்களை அறிய விழைவோர் அவர்தம் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டு திரும்புவது வழக்கம். அது தவறன்று. ஆயினும், அம்மக்கள் நாள்தோறும் பசியாறும் இடத்திலும் களைப்பாறும் இடத்திலும் ஒரு நாழிகை அமர்ந்திராதவர் அந்நாட்டைப் பாதிதான் கண்டவர் ஆவர். இத்திங்கள் கொரிய நாட்டின் தலைநகராகிய சியோலின் தேநீரில்லங்களுக்கும் எளிய உணவகங்களுக்கும் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

அடுத்த உலக இளைஞர் நாள் 2027-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 முதல் 8 முடிய சியோலில் கொண்டாடப்படும் எனத் திருச்சபை அறிவித்ததிலிருந்து அந்நகரைப் பற்றிய கேள்விகள் நம்மிடம் வந்தவண்ணம் உள்ளன. இளைஞர் விமானத்தைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் கேட்கின்றனர். தாய்மாரோ ஒன்றே ஒன்றுதான் கேட்கின்றனர்: "சாமி, அங்கே பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்?" நல்ல கேள்வி. அதற்கு விடை கூறப் புகுந்தால் உணவோடு வரலாறும் சேர்ந்தே வரும்.

தேயிலை இல்லாத தேநீர்

கொரிய மொழியில் தேநீருக்குச் 'சா' என்று பெயர். நம் 'சாயா'வுக்கு அது உறவுச் சொல். ஆனால் சியோலின் பழம்பெரும் கடைத்தெருவாகிய இன்சாடோங்கில் ஒரு தேநீரில்லத்தினுள் நுழைந்து விலைப்பட்டியலைப் பார்ப்பவர் திகைத்துப் போவார். பட்டியலில் பெரும்பாலானவற்றுள் தேயிலையே கிடையாது! இலந்தைப் பழத்தைக் குழைய வேகவைத்து வடித்தது ஒரு சா. இஞ்சியை ஊறவைத்துக் காய்ச்சியது ஒரு சா. எலுமிச்சை இனத்ததான யூஜாக் கனியைத் தோலோடு அரிந்து தேனில் ஊறவைத்து வெந்நீர் வார்த்தது மற்றொன்று. மோக்வா என்றொரு மஞ்சள் நிறக் கனி உண்டு. மணம் மிகுதி, பச்சையாகத் தின்னவோ இயலாது. அதனையும் இனிப்பில் ஊறவைத்துச் சாவாக்கி விடுகின்றனர். ஓமிஜா என்னும் செந்நிறக் கனியின் பெயருக்கே ஐஞ்சுவை என்பதுதான் பொருள். சாங்ஹ்வா என்பது வேர்களும் பட்டைகளும் சேர்த்துக் காய்ச்சிய கருமையான கஷாயம். நம் வீட்டுப் பாட்டிமார் சுக்கும் மல்லியும் இட்டுக் காய்ச்சித் தருவதை அருந்தி வளர்ந்த நமக்கு இதன் கசப்பு அச்சம் தராது.

உண்மையான பச்சைத் தேயிலையும் உண்டு. தெற்கே போசொங், ஹாடோங் பகுதிகளிலும் ஜேஜுத் தீவிலும் அது விளைகிறது. புத்த சமயம் ஓங்கியிருந்த கொரியோ அரசர் காலத்தில் தேயிலை அரசவையிலும் மடங்களிலும் சிறப்புற்றிருந்தது. 1392-இல் சோசொன் அரசமரபு தோன்றிப் புத்த மடங்களின் செல்வாக்குக் குன்றவே, தேநீர்ப் பழக்கமும் குன்றிற்று. மக்கள் வாற்கோதுமையையும் கனியையும் வேரையும் காய்ச்சிக் குடித்து, அவற்றையும் 'சா' என்றே அழைத்தனர்.

தேநீரில்லத்தில் சில இடங்களில் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர வேண்டும். குளிர்காலத்தில் அத்தரை இளஞ்சூடாக இருக்கும். 'ஓன்டோல்' எனப்படும் பழைய முறையில் தரைக்குக் கீழே வெப்பத்தைச் செலுத்துகின்றனர். ஒரு கிண்ணத்தின் விலை எளியதோர் உணவகத்துச் சாப்பாட்டின் விலைக்குச் சில வேளை நிகராகும். "ஒரு வாய் நீருக்கு இவ்வளவா?" என்று வியக்க வேண்டா. நாம் வாங்குவது நீரை மட்டுமன்று. இடத்தையும் பொழுதையும் சேர்த்தே வாங்குகின்றோம். அருந்தி முடித்தபின் எவரும் நம்மை எழுப்புவதில்லை.

மூன்று இல்லங்கள்

சியோலின் வடபுறத்து மலைச்சரிவில் சொங்புக்டோங் என்னும் பகுதி உளது. அங்குள்ள 'சுயோன்சான்பாங்' என்னும் ஓட்டு வீடு எழுத்தாளர் யீ தேஜுன் 1933-இல் கட்டிக் குடியேறிய இல்லமாகும். கொரியச் சிறுகதைக்கு உருக்கொடுத்தவர்களுள் அவர் ஒருவர். விடுதலைக்குப்பின் 1946-இல் அவர் வட கொரியா சென்றார். அங்கே 1950-களில் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி ஒதுக்கப்பட்டார். தெற்கிலோ, வடக்கே சென்றவர் என்னும் காரணத்தால் அவர் நூல்கள் 1988 வரை தடை செய்யப்பட்டிருந்தன. இரு பக்கத்தாரும் கைவிட்ட அம்மனிதரின் வீட்டை உறவின்முறைப் பெண்மணி ஒருவர் 1990-களின் இறுதியில் தேநீரில்லமாக்கித் திறந்து வைத்தார். இன்று எவரும் அவர் திண்ணையில் அமர்ந்து அவர் தோட்டத்தைப் பார்த்தவாறு தேநீர் அருந்தலாம். அவருக்குத்தான் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இரண்டாவது, இன்சாடோங்கில் இருந்த 'குவிச்சொன்'. விண்ணகம் திரும்புதல் என்பது அப்பெயரின் பொருள். கவிஞர் சொன் சாங்பியோங் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் தலைப்பும் அதுவே. 1967-இல் கிழக்குப் பெர்லின் வழியாக வட கொரியாவுக்கு ஒற்று வேலை செய்தனர் என்று பலர்மீது வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டபோது இக்கவிஞரும் பிடிபட்டார். நண்பர் ஒருவரிடம் அவ்வப்போது சிறு பணம் வாங்கியதே அவர் செய்த குற்றம்! மின்சாரச் சித்திரவதைக்கு ஆளாகி, ஆறு திங்கள் சிறையிருந்து, உடலும் உள்ளமும் நொறுங்கி வெளிவந்தார். பின்பு ஒரு நாள் காணாமற்போனார். இறந்துவிட்டார் எனக் கருதிய நண்பர்கள் 1971-இல் அவர் கவிதைகளைத் திரட்டி நினைவு நூலாக வெளியிட்டனர். அவரோ நகர மனநல மருத்துவமனை ஒன்றில் உயிரோடு இருந்தார்!

அங்கே அவரைப் பேணிய மோக் சுன்ஓக் என்னும் பெண் 1972-இல் அவரை மணந்தார். 1985-இல் அவ்வம்மையார் இன்சாடோங்கில் மிகச் சிறிய தேநீர்க் கடை ஒன்றைத் திறந்து, மோக்வாச் சாவை விற்றுக் கணவரைக் காப்பாற்றினார். கவிஞர் 1993-இல் மறைந்தார். மேலும் பதினேழு ஆண்டுகள் அக்கடையை நடத்திய பின் 2010-இல் அம்மையாரும் மறைந்தார். அந்த ஒற்று வழக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று அரசின் உளவுத்துறையே அமைத்த விசாரணைக் குழு 2006-இல் கூறிற்று. அதைக் கேட்கக் கவிஞர் இல்லை, மனைவி இருந்தார். மனித மாண்பைக் காவல் அறையில் அழித்தவர்கள் பலர். அதனைக் கிண்ணம் கிண்ணமாக மீட்டுத் தந்தவர் ஒரு பெண்.

மூன்றாவது, ஹேஹ்வா பகுதியில் 1956 முதல் இருந்துவரும் 'ஹாக்ரிம்' என்னும் மாடிக் கடை. இத்தகைய கடைகளுக்குத் 'தாபாங்' என்று பெயர். சா என்பது பெயரில் இருந்தாலும் காப்பியே அங்கு மிகுதி. எதிரே சியோல் தேசியப் பல்கலைக் கழகம் இருந்த காலத்தில் மாணவர்க்கு அது இரண்டாம் வகுப்பறையாக விளங்கிற்று. 1981-இல் இராணுவ ஆட்சியாளர் மாணவர் பலரைச் சிறைப்படுத்தினர். அம்மாணவரின் முதற் கூட்டம் இக்கடையில் நடந்தமையால் கடையின் பெயரே வழக்கின் பெயராயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2012-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் குற்றமற்றோர் என உறுதி செய்தது. இக்கடைக்கு அருகிலுள்ள ஹேஹ்வாடோங் கத்தோலிக்க ஆலயத்தின் முன்னே, ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வரும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் கூடித் தம் ஊர் உணவுகளை வாங்கி உண்ணும் சந்தையும் உண்டு. அயல்நாட்டில் உழைப்பவனுக்குத் தாய்நாட்டுச் சுவை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

மூடியிட்ட சோற்றுக் கிண்ணம்

இனி உணவகத்துக்கு வருவோம். சியோலின் எளிய உணவகங்களில் சோறு வெள்ளிபோல் மின்னும் சில்வர் கிண்ணத்தில், மூடியிட்டு வரும். எந்தக் கடைக்குச் சென்றாலும் கிண்ணம் ஏறக்குறைய ஒரே அளவு. ஏன்?

1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப்பின் கொரியா பட்டினி நாடாக இருந்தது. அரிசி போதவில்லை, அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. கோதுமை உணவை உண்ணுமாறு அரசு மக்களைத் தூண்டிற்று. 1969 முதல் வாரத்தில் இரு நாட்கள் உணவகங்கள் அரிசிச் சோறு விற்கலாகாது என்று ஆணையிடப்பட்டது. மாவு உணவு எனப் பொருள்படும் 'பூன்சிக்' என்னும் சொல் இன்றும் சிற்றுணவகங்களின் பெயர்ப்பலகையில் நிற்பதற்கு அக்காலமே காரணம். அரிசியை மேலும் மிச்சப்படுத்தும் பொருட்டு 1976-இல் சியோல் நகராட்சி சோற்றுக் கிண்ணத்துக்கே அளவு குறித்தது: குறுக்களவு 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர். அதிலும் ஐந்தில் நான்கு பங்குதான் நிரப்ப வேண்டும். அடுத்த ஆண்டே, புதிய நெல் வகையின் துணையால், அரிசியில் தன்னிறைவு கண்டதாக அரசு அறிவித்தது.

பஞ்சம் போயிற்று, கிண்ணம் நின்றது. 1970-இல் கொரியர் ஒருவர் ஆண்டுக்கு 136.4 கிலோ அரிசி உண்டார், 2023-இல் 56.4 கிலோதான். அன்று கட்டாயத்தின்பேரில் சிறுத்த கிண்ணத்தை இன்று பலர் முழுவதும் உண்ணாமல் மிச்சம் வைத்து எழுகின்றனர். தாத்தா அதைக் கண்டு முகம் சுளிக்கிறார்; பேரன் அதற்குக் காரணம் அறியான். இந்தக் காட்சி கொரியாவுக்கு மட்டும் உரியதன்று.

பந்தியில் அறிய வேண்டியவை

பயணம் செல்வோர்க்குச் சில குறிப்புகள். கடைக்குள் நுழைந்ததும் தண்ணீரைப் பெரும்பாலும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டியும் உலோகக் குச்சிகளும் மேசையின் பக்கத்திலுள்ள சிறு இழுப்பறையில் இருக்கும். தேடித் திகைக்க வேண்டா. ஒரு குழம்போ சாறோ கேட்டால் அதனோடு சோறும், கிம்ச்சி முதலிய பல தொடுகறிகளும் தாமே வரும். தொடுகறிகளுக்குத் தனி விலையில்லை. தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம். ஆனால் வேண்டுமளவு மட்டும் கேட்பதே பண்பு. காய்கறிதானே என்று எண்ணும் சைவ உணவினர் ஒன்று கவனிக்க வேண்டும்: கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்டுப் புளிக்க வைத்த இறாலோ நெத்திலிச் சாறோ கலந்திருக்கும்.

சோற்றைக் கரண்டியால் உண்பது அவர்கள் வழக்கம். கறியைக் குச்சியால் எடுப்பர். கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பது அங்கு மரியாதையன்று. சோற்றில் கரண்டியையோ குச்சியையோ செங்குத்தாக நட்டு வைத்தல் கூடவே கூடாது. அது இறந்தோர்க்குப் படைக்கும் முறை. பெரியவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையோர் உண்ணத் தொடங்குவர். பெரியவர்க்கு எதையேனும் ஊற்றும்போதும் அவரிடம் பெறும்போதும் இரு கைகளையும் பயன்படுத்துவர். பணத்தை வாயிலருகே உள்ள மேசையில் செலுத்தலாம். பரிமாறுபவர்க்குத் தனியே அன்பளிப்புத் தரும் வழக்கம் இல்லை.

பரிமாறும் நடுவயதுப் பெண்ணைப் பலர் 'இமோ' என்று அழைப்பர். தாயின் உடன்பிறந்தாள் என்பது அதன் பொருள். நம் வழக்கில் சின்னம்மா, பெரியம்மா. தந்தையை அவர்களும் 'அப்பா' என்றே அழைக்கின்றனர். சின்னம்மா கையால் சோறு வாங்கி உண்ணும் ஊரில் நம் பிள்ளைகள் அவ்வளவு அந்நியராக இருக்க மாட்டார்கள் எனத் தாய்மார் ஆறுதல் கொள்ளலாம்.

தனியே உண்பவர்

ஆனால் அந்தச் சின்னம்மா சில வேளை வாயிலிலேயே ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை பேர்?" ஒருவர் என்று விரல் காட்டினால் சில கடைகளில் இடமில்லை என்ற விடை வரும். இறைச்சியை மேசையிலேயே வாட்டி உண்ணும் கடைகளில் இருவர்க்குக் குறையாமல் உணவு கேட்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். கூடி உண்பதையே உணவாகக் கருதிய சமுதாயத்தின் பழக்கம் இது. இன்றோ அச்சமுதாயம் மாறிவிட்டது. 2023-இல் தென் கொரியக் குடும்பங்களுள் நூற்றுக்கு 35.5 தனி ஆளே குடும்பமாக இருந்தவை. 'தனியே உண்ணல்' என்பதற்கு 'ஹோன்பாப்' எனப் புதுச்சொல்லே பிறந்துவிட்டது. சுவரை நோக்கிய ஒற்றை இருக்கைகளோடு கடைகளும் தோன்றிவிட்டன.

செல்வம் கொழிக்கும் அந்நகரில் பசியும் இல்லாமல் இல்லை. கட்டில் ஒன்று கொள்ளும் அளவே உள்ள 'கோசிவொன்' எனப்படும் அறைகளில் வேலை தேடும் இளைஞரும் துணையற்ற முதியோரும் வாழ்கின்றனர். அத்தகைய அறை ஒன்றில் இளைஞர் ஒருவர் பட்டினியால் இறந்த செய்தி கிளரீசியன் சபைத் துறவியாகிய அருள்திரு லீ மூன்சூ அடிகளாரின் உள்ளத்தைத் தைத்தது. 2017-ஆம் ஆண்டு இறுதியில் அவர் சியோலின் ஜொங்னுங் சந்தைப் பகுதியில் உணவகம் ஒன்றைத் திறந்தார். 'மூன்கான்', அதாவது வாயிற்புறம், என்று அதற்குப் பெயரிட்டார். ஒரே உணவு: கிம்ச்சிக் குழம்பு. விலை 3,000 வொன். வெளியே அக்குழம்பு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் விற்றது. சோறு வேண்டுமளவு.

ஏன் இலவசமாகத் தரவில்லை? நல்ல கேள்வி. தெற்கே குவாங்ஜு நகரின் சந்தையில் கிம் சொன்ஜா என்னும் மூதாட்டி 2010-இல் ஓர் உணவகம் தொடங்கிச் சோறும் சாறும் கறிகளும் சேர்ந்த சாப்பாட்டை 1,000 வொன்னுக்குத் தந்தார். அவரே வணிகத்தில் நொடித்துப் பசியை அறிந்தவர். உண்பவர் தலைகுனியாது உண்ண வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிறு தொகையைப் பெற்றார். 2015-இல் அவர் நோயால் மறைந்தபின் மகள் கடையைத் தொடர்ந்தார். வீடற்றோர்க்கு இலவச உணவும் வேண்டியதே; மியோங்டோங் பேராலயத்தருகே சியோல் உயர்மறைமாவட்டம் 2021 சனவரியில் அத்தகைய உணவு இல்லத்தைத் தொடங்கிற்று. ஆயினும் இரக்கத்தைப் பெறக் கூசும் ஏழைகளும் உளர். அவர்களுக்கு ஒரு சிறு விலையே பெருங்கொடை. கொடுப்பவர் கையை மட்டுமன்றி, வாங்குபவர் முகத்தையும் நினைப்பதன்றோ உண்மையான அறம்?

அடைக்கலம் தந்த விடுதி

கொரியத் தேநீரைப் பற்றிப் பேசுவோர் தாசான் என்னும் பேரறிஞரைக் கூறாது விடார். அவர் இயற்பெயர் சோங் யாக்யோங், 1762-இல் பிறந்தவர். இளமையில் கிறித்தவ மறையைத் தழுவி, பின்பு அரசவையின் நெருக்குதலில் அதனை விட்டதாக அறிக்கையிட்டவர். ஆயினும் 1801-இல் திருச்சபைமீது எழுந்த கொடிய கலாபனை அவர் குடும்பத்தைச் சூறையாடிற்று. அண்ணன் அகுஸ்தீன் சோங் யாக்சோங் மறைக்காகத் தலை வெட்டுண்டார். அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் சியோலில் அருளாளர் என அறிவித்தார். அவர் மகன் பவுல் சோங் ஹாசாங் 1839-இல் உயிரீந்து, 1984-இல் புனிதர் நிலை பெற்றார்.

தாசான் தெற்கே காங்ஜின் என்னும் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். அரச குற்றவாளி, அதுவும் மேலை மறையோடு தொடர்புடையவர் என்றதும் ஊரார் கதவடைத்தனர். இடம் தந்தவர் யார்? சந்தைப்புறத்தில் சாராயமும் சோறும் விற்ற எளிய விடுதிக்காரக் கிழவி ஒருத்தி! அவள் பின்னறையில் அவர் நான்கு ஆண்டுகள் தங்கினார். அதிலேயே ஊர்ச் சிறுவர்க்குக் கல்வி கற்பித்தார். எண்ணம், தோற்றம், சொல், செயல் ஆகிய நான்கையும் சீர்செய்யும் இல்லம் என அவ்வறைக்குப் பெயரும் இட்டார். பிற்பாடு தேயிலைச் செடிகள் வளர்ந்த குன்றொன்றில் குடியேறி, 'தேயிலை மலை' எனப் பொருள்படும் தாசான் என்னும் பெயர் பூண்டார். 1818-இல் விடுதலை பெறுமுன் அவர் எழுதிக் குவித்த நூல்களை அந்நாடு இன்றும் போற்றுகிறது. கிழவியின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

அவளுக்கு அவருடைய மறையும் தெரியாது, கல்வியும் தெரியாது. வாயிலில் நிற்பவனுக்குப் பசிக்கிறது, இருட்டுகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. "அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்" என்று ஆண்டவர் கூறும் நாளில் அவளும் வலப்பக்கம் நிற்பாள் என நாம் நம்புகின்றோம்.

குடும்பத்தினரே, சியோல் செல்லும் உங்கள் பிள்ளைகளிடம் பெருங்கடைகளோடு நின்றுவிடாமல், ஒரு தேநீரில்லத்திலும் ஒரு பூன்சிக் கடையிலும் அமர்ந்து வரச் சொல்லுங்கள். சில்வர் கிண்ணத்தின் மூடியைத் திறக்கும்போது அதன் அளவுக்குக் காரணம் அவர்கள் அறிந்திருக்கட்டும். செல்லாதிருக்கும் நாமும் ஒன்று செய்யலாம். நம் பங்கில் தனியே உலைவைத்துத் தனியே உண்ணும் முதியவர் எத்தனை பேர்? விடுதியில் தங்கிப் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்? இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்புமுன் அவர்களுள் ஒருவரை, "இன்று எங்களோடு சாப்பிட வாருங்கள்; எங்களுக்கும் பேச்சுத்துணை வேண்டும்" என்று அழைத்துப் பாருங்கள். இரக்கம் என்று அவருக்குத் தோன்றாதபடி அழைப்பதற்கு அந்தக் கடைசிச் சொற்கள் உதவும்.